பன்னிரண்டு நாளில் சொல்ல வேண்டியவை

அறுவை சிகிச்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மிச்ச ஆயுளுக்கு எனக்குத் தேவைப்படும் சொற்களையெல்லாம் அதற்குள் ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்ட சொல் போனது போனதுதான் என்றார்கள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முப்பத்து நான்கு வருடம் நூலகராக இருந்தவன் நான். புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து படித்துப் படித்தே நான்கு முறை கண்ணாடி மாற்றியவன். குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது கலங்கிப் போனேன், மறைக்கவில்லை. ஆனால் சொல்லுக்கு எனக்குப் பஞ்சம் வரும் என்று ஒருத்தர் சொன்னால் எப்படி நம்புவது?

மறுநாள் காலை எட்டு மணிக்கு பாளையங்கோட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஹெப்சிபா வந்தாள். முப்பது வயது இருக்கும். குரல் பதிவகத்தில் அவளுக்கு 'குரல் சாட்சி' என்று வேலை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் டிபன் பாக்ஸ். சோப்பு டப்பா அளவில் ஒரு கருவியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, யாரிடமோ நூறாவது தடவையாகச் சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சதும் உங்க கழுத்துல ஒரு பட்டை கட்டுவாங்க சார். நீங்க சத்தமில்லாம வாயசைச்சா போதும். நாக்கும் உதடும் அசையறதப் பாத்து அது பேசும். உங்க குரல்லயே பேசும்."

"நல்லதாப் போச்சு."

"ஆனா இந்தப் பன்னெண்டு நாள்ல நீங்க பேசுன வார்த்தைய மட்டுந்தான் பேசும். மத்த வார்த்தை வந்தா அந்த இடத்துல சும்மா இருந்துட்டு அடுத்ததுக்குப் போயிடும்."

"ஏம்மா, பத்து நிமிசம் எங்குரலக் கேட்டா மிஷினே எல்லா வார்த்தையும் உண்டாக்கிருமே?"

"உண்டாக்கும் சார். அதனாலதான சட்டமே வந்துச்சு."

அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு மாவட்டத்தில் ஆட்சியரின் குரலில் எல்லோர் கைபேசிக்கும் அழைப்பு வந்தது. அணை உடைந்துவிட்டது, ஓடுங்கள் என்றது குரல். ஊரே ஓடியதில் மிதிபட்டுச் செத்தவர்கள் நாற்பது பேர். அணை அப்படியே இருந்தது. ஆட்சியர் அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் குரல் காப்புச் சட்டம் வந்தது. ஒரு மனிதன் தன் தொண்டையால் சொல்லாத சொல்லை அவன் குரலில் எந்த இயந்திரமும் சொல்லக் கூடாது. நானே அப்போது நூலகத்தில் அந்தச் சட்டத்தை ஆதரித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

மற்ற விதிகளையும் ஹெப்சிபா அடுக்கினாள். பழைய ஒலிப்பதிவு எதுவும் செல்லாது, அதில் எது போலி என்று யாருக்கும் தெரியாது. அகராதியை எடுத்து வாசித்தாலும் செல்லாது. உயிருள்ள ஒருத்தரிடம், ஒரு காரியத்துக்காக, பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்க வேண்டும். 'வந்தேன்' என்று ஒரு தடவை சொன்னால் 'வருவேன்', 'வரவில்லை' எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வார்கள், அந்த மட்டுக்கும் கருணை உண்டு. முக்கியமான விதி ஒன்று: சாட்சி எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

"ஒரு வார்த்தை நான் ஞாபகப்படுத்தினேன்னு தெரிஞ்சாலும் உங்க பதிவு மொத்தமும் ரத்து சார். எனக்கு வேலையும் போயிடும்."

காபியோடு வந்த என் மனைவி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "எம்மா, நீ எடுத்துக் குடுக்கக் கூடாது, சரி. நான் குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா. வீட்டாளுங்க பேசறதுதானம்மா பேச்சு."

"அப்ப சரி," என்று காபியை வைத்தாள். அந்த நிமிடமே இந்தக் காரியத்தை அவள் கையில் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வெள்ளையடிப்பது, மகளைக் கட்டிக் கொடுப்பது, எதுவானாலும் இப்படித்தான் ஒரு 'அப்ப சரி'யில் ஆரம்பிப்பாள்.

இல்லாத சொல்லுக்குப் பொதுக்குரல் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம், அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று ஹெப்சிபா அதையும் போட்டுக் காட்டினாள். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் பெண்ணின் குரல்.

"பாதி நீங்க, பாதி ஜங்ஷனு. வீட்டுக்கு ஆகாது," என்றாள் மனைவி. அதோடு பொதுக்குரலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

முதல் நாள் மாலை ஆறு மணிக்கு ஹெப்சிபா கருவியைப் பார்த்து எண்ணிக்கை சொன்னாள். அறுநூற்றுப் பதினொன்று.

"ரொம்பக் கம்மியோ?" என்றேன்.

"சராசரிக்குக் கொஞ்சம் கீழ சார். முந்தா நாள் முடிச்ச மீன்கார அம்மா முதல் நாளே ஆயிரத்து நூறு."

எனக்குச் சுருக்கென்றது. பொழுது சாய்ந்து வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவனுக்கு வாய்க்கு என்ன வேலை? எனக்குத் தெரிந்த சொல்லெல்லாம் கண்ணோடு நின்றுவிட்டது. வாஞ்சை, அசூயை, மிடுக்கு, விரக்தி, நெகிழ்ச்சி, பரிவு, பெருமிதம், அங்கலாய்ப்பு. இவற்றை எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்பேன்! ஒரு தடவையாவது ஒரு மனிதனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேனா? காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அப்படிப்பட்ட சொற்களை எழுதத் தொடங்கினேன். பதினேழு தாள் வந்தது.

மனைவி அதை வாங்கி மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. இதெல்லாம் யார்ட்ட சொல்லப் போறிய?" என்றாள்.

மறுநாள் ஊருக்குள் கிளம்பினோம், மூன்று பேரும். கடைப் பலகைகளில் இருந்து ஆரம்பிக்கலாம் என்பது அவள் யோசனை. நான் தினமும் பார்த்துப் போன பலகைகள். ஓர் ஆட்டோவை நிறுத்தினேன்.

"தம்பி, பக்கத்துல ஒரு வெதுப்பகத்துக்குப் போகணும்."

ஆட்டோக்காரர் என்னையும் என் கழுத்தில் இருந்த மருத்துவமனைப் பிளாஸ்திரியையும் பார்த்தார். "எந்த டாக்டரு அண்ணாச்சி?"

"டாக்டர் இல்லப்பா. ரொட்டி, பிஸ்கோத்து விப்பாங்கள்ல, அந்த இடம்."

"பேக்கரியா? அதச் சொல்லுங்க."

இறங்கிய கடையில் கல்லாவில் நின்றவரிடம், "இது வெதுப்பகம்தானே?" என்று மறுபடியும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

"இல்ல சார், இது பேக்கரி."

"உங்க தலைக்கு மேல வெதுப்பகம்னு போட்டிருக்கே?"

அவர் வெளியே வந்து, இடுப்பில் கைவைத்து நின்று, தன் கடைப் பலகையை முதல்முறையாகப் படித்தார். "போர்டு எழுதுன ஆளு போட்டிருக்காம் போல," என்றார். "நாங்க கவனிக்கல."

திரும்பும்போது பஸ்சில் வந்தோம். "நடத்துநரே, அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும்," என்றேன். கண்டக்டர் பைக்குள் கைவிட்டபடி, "எந்தக் கட்சி சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். டாக்டர் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகவே ஊரில் உள்ள பலகை அத்தனையையும் படிக்கலாம் என்று தோன்றியது. படித்தேன். பல்பொருள் அங்காடி, குளிர்களி, நகலகம், முடிதிருத்தகம், அடகுக்கடை, உயர் அழுத்த மின்கம்பி. நான்காம் நாள் முடிவில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டோம்.

பலகைச் சொற்களை யாரிடமும் சொல்லிவிடலாம். மனசுச் சொற்களில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மகள் இசக்கி வந்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். நூறு அடி உயரத்தில் உட்கார்ந்து கண்டெய்னர்களைத் தூக்கி வைக்கிற வேலை. சின்ன வயதில் அலமாரி மேல் ஏறினால் இறங்கத் தெரியாமல் அழுகிற பிள்ளை. சாப்பிட்டு முடித்து அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"இசக்கி, உன்னைய நெனச்சா எனக்கு ரொம்பப் பெருமிதமா இருக்கு."

தண்ணீர்க் குழாயை மூடினாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹெப்சிபாவைப் பார்த்தாள்.

"இது அந்த லிஸ்ட்டுல உள்ள வார்த்தையாப்பா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "லிஸ்ட்டுலயும் இருக்கு," என்றேன்.

"நெனச்சேன்," என்று குழாயைத் திறந்தாள். கிளம்பும்வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தச் சொல்லை அவள் கையில் வாங்கவே இல்லை. முப்பது வருடம் சொல்லியிருக்க வேண்டியதை எண்ணிக்கைக்காகச் சொல்கிறவனாகி நின்றேன். ஹெப்சிபாவின் கருவி அதையும் ஒன்றாக எண்ணிக்கொண்டது.

அன்று மனைவி என் காலண்டர் தாள்களை வாங்கி மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். "நெஜமாத் தோணும்போது சொல்லுங்க. தோணலன்னா விட்ருங்க. இல்லாத வார்த்தைய எழுதிக் காட்டிக்கிடலாம், என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள். "அந்தப் பிள்ளைக்கு நான் போன்ல சொல்லிக்கிடுதேன்."

என்ன சொன்னாளோ தெரியாது. மறுநாள் காலையில் இசக்கியிடமிருந்து ஒரு படம் வந்தது, கிரேன் உச்சியிலிருந்து எடுத்தது. கீழே கடல். அதற்குக் கீழே 'லிஸ்ட்டுல இருந்தாலும் பரவால்லப்பா' என்று எழுதியிருந்தாள்.

ஏழாம் நாள் காலை மனைவி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் அவள் கைமேல் விழுந்தது. கீரையை உருவிக்கொண்டே மருந்துக்கடைக்குப் போன் போட்டு, எனக்கான மாத்திரையை எப்போது கொண்டுவந்து தருவாய் என்று ஒருவனை அதட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு நிஜமாகத் தோன்றியது.

"இந்தா, உம்மேல எனக்கு ரொம்ப நேசம்," என்றேன்.

ஹெப்சிபா சட்டென்று தன் குடையைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

"காம்பு கெடக்கு பாருங்க, அதப் பொறுக்குங்க," என்றாள் மனைவி. "பிள்ளைய முன்னால வச்சுக்கிட்டு." குனிந்துகொண்டாள். காதுமடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். காம்பு பொறுக்கிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் காரணமே இல்லாமல் என்னிடம் சண்டைக்கு வந்தாள். என் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் பத்து வருடத்துக்கு முன் நடந்த ஒரு விஷயத்தை எடுத்தாள். அவளுக்கு மட்டும் தாம்பூலப் பை கொடுக்காமல் விட்டார்களாம், நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேனாம். முதலில் சமாளித்தேன். அப்புறம் எனக்கும் ஏறிவிட்டது. அவள் வீட்டாரை இழுத்தேன். மத்தியானம் வரை வீடு அதிர்ந்தது. கடைசியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, அவள் ஹெப்சிபாவிடம் திரும்பி, "எத்தனம்மா?" என்று கேட்டாள்.

"நாப்பத்து மூணு புது வார்த்தைம்மா."

"அவ்வளவுதானா?" என்று என்னைப் பார்த்தாள். "சண்டை போடாம நீங்க எங்கூட எப்படி இருப்பிய? அந்த வார்த்தையும் வேணும்லா."

ஆனாலும் அந்தத் தாம்பூலப் பை விஷயத்தில் அவள் கோபம் நிஜம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் மாலை ஹெப்சிபா பதிவேட்டை மூடினாள். ஐயாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டு. மீன்கார அம்மாவைவிட இருநூறு அதிகம். எனக்கு அதில் அற்பமான ஒரு சந்தோஷம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். விட்டுப்போனது ஒன்றும் இல்லை என்ற நிம்மதியோடு மருத்துவமனைக்குப் போனேன்.

அறுவை முடிந்து ஐந்தாம் நாள் பட்டையைக் கட்டினார்கள். கட்டியதும் மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாகச் சில கேள்விகள் கேட்பார்களாம். ஓர் இளம் டாக்டர் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றார். பக்கத்தில் ஒரு நர்ஸ். கட்டிலின் மறுபுறம் என் மனைவி.

"உங்க பேரு சொல்லுங்க."

வாயசைத்தேன். "ஆவுடையப்பன்," என்றது பட்டை. என் குரலேதான், பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருந்தது. மனைவி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இது எந்த ஊரு?"

"திருநெல்வேலி."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"ரொம்ப நல்லாப் பேசறீங்க சார். பக்கத்துல நிக்கறது யாரு?"

"எங்க வீட்டுக்காரி."

"அவங்க பேரு?"

வாயசைத்தேன். பட்டை ஒன்றும் சொல்லவில்லை. கழன்றிருக்கும் என்று அழுத்திவிட்டு மறுபடியும் அசைத்தேன். ஒன்றும் இல்லை.

"பேரு சார். உங்க மனைவி பேரு."

மூன்றாவது தடவையும் வெறும் காற்றாகப் போனது. டாக்டரின் முகம் மாறியது. டார்ச்சை எடுத்து என் கண்ணுக்குள் அடித்தார். "மத்ததெல்லாம் சொல்றார், நெருங்குனவங்க பேரு மட்டும் வரல. உடனே ஸ்கேனுக்குச் சொல்லுங்க," என்று நர்ஸிடம் படபடத்தார். என் மனைவி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்," என்றேன். "தெரியும், தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுங்க சார்."

நான் மறுபடியும் வாயசைத்தேன். இந்தத் தடவை என் மனைவி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிடி மெல்லத் தளர்ந்தது. பக்கத்து ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஸ்கேனெல்லாம் வேண்டாம் டாக்டர்," என்றாள். "அவுக மறக்கல. சொன்னதே கெடையாது."

"எதம்மா?"

"எம்பேர. கல்யாணமாகி முப்பத்தொரு வருசம். 'இந்தா'ம்பாக, 'ஏட்டி'ம்பாக, 'இசக்கி அம்மா'ம்பாக. பேரச் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. இந்தப் பன்னெண்டு நாள்லயும் கூப்பிடல. எனக்கும் தோணல பாருங்க."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அட்டையில் எதையோ அடித்துத் திருத்திவிட்டு, "சரிம்மா, ஸ்கேன் வேண்டாம்னு நீங்க எழுத்துல தரணும். பேஷண்ட் பேரச் சொல்லுங்க, எழுதிக்கறேன்," என்றார்.

அவள் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சீட்டைக் கைகாட்டினாள். "அந்தா எழுதியிருக்குல்லா."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

செண்பகவல்லி. இப்போது எழுதும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது! ரேஷன் கார்டில் படித்திருக்கிறேன். கேஸ் புத்தகத்தில், வாக்காளர் பட்டியலில், இசக்கியின் பள்ளிச் சான்றிதழில் படித்திருக்கிறேன். நூலகத்தில் அவளுக்கு உறுப்பினர் அட்டை போட்டபோது என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்திருக்கிறேன். சொன்னதில்லை. ஐயாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டுச் சொல்லில் எதிர்வீட்டு நாயின் பெயர் இருந்தது. போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு அழுதேன். தொண்டை இல்லாமல் அழுதால் சத்தம் வராது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வழக்கம்போல அவளை 'இந்தா' என்று கூப்பிடலாம், அது பதிவில் இருக்கிறது. ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. பெயரைத்தான் அசைத்தேன். அவள் அடுப்பைப் பார்த்து நிற்பாள், நான் பின்னால் நின்று கூப்பிடுவேன், பட்டை சும்மா இருக்கும், அவள் திரும்ப மாட்டாள். அவளுக்கு எப்படித் தெரியும்? முப்பத்தொரு வருடம் திரும்பிப் பார்க்கத் தயாராக இருந்தவளை அப்போதெல்லாம் கூப்பிடாமல் விட்டவன் நான்.

ஒரு மாதம் கழித்து, பட்டை சரியாக வேலை செய்கிறதென்று கையெழுத்து வாங்க ஹெப்சிபா வந்தாள். மனைவி சமையலறையில் இருந்தாள். நான் சிலேட்டை எடுத்து, 'உனக்குத் தெரியுமா?' என்று எழுதிக் காட்டினேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணாம் நாளே தெரியும் சார். நான் ஒரு வார்த்தை சொன்னா உங்க ஐயாயிரமும் போயிருக்கும். ஒண்ணுக்காக எல்லாத்தையும் எப்படி சார் அழிக்கறது?"

நான் கோபமாகத்தான் இருந்தேன்.

"சட்டத்துல இருந்த ஒரே சந்துல நுழைஞ்சு பாத்தேன் சார். கடைசி நாள் சாயங்காலம், 'கூட இருக்கறவங்க பேரு என்ன, பாரத்துல எழுதணும்'னு உங்களக் கேட்டேன். அது எடுத்துக் குடுக்கறது இல்ல, வெறும் கேள்வி. நீங்க ஆதார் அட்டைய எடுத்து நீட்டுனீங்க. எழுத்து சரியாத் தெரியல, வாசிங்கன்னேன். அம்மா பக்கம் திரும்பி 'நீயே சொல்லு'ன்னீங்க. அம்மா சொன்னாங்க. நான் எழுதிக்கிட்டேன்." கண்ணைத் துடைத்தாள். "பஸ்ல போறப்ப அழுதுட்டேதான் போனேன். இனி ஒண்ணும் செய்ய முடியாது சார். அதுக்குத் தொண்டை வேணும்."

அந்த மாலை எனக்கு நினைவிருந்தது. அட்டையை நீட்டியது கூட நினைவிருந்தது. பெண்டாட்டி பெயரைக் கேட்டால் அட்டையை நீட்டுவதுதான் நாங்கள் எல்லோரும் செய்வது. என் அப்பா செய்தார், என் அண்ணன் செய்கிறார். ஹெப்சிபாமேல் இருந்த கோபம் அப்படியே என்மேல் திரும்பியது.

"விடும்மா," என்று குரல் கேட்டது. மனைவி சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "சட்டத்துக்கு நீ என்ன செய்வ? சாப்ட்டுட்டுப் போ." கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு கேக்கணும். நல்லா இருக்கவங்களும் இதப் பதியலாமா?"

"பதியலாம்மா. யாரும் வர்றதில்ல, அவ்வளவுதான்."

"எனக்கும் நாளைக்கு என்ன வருமோ, யாரு கண்டா? இப்பவே பதியலாமா? பன்னெண்டு நாளெல்லாம் வேண்டாம்."

"ஒரு மணி நேரம்கூடப் போதும். ஆனா யார்ட்டயாவது நெஜமாப் பேசணும்மா. சும்மா சொல்லக் கூடாது."

"தெரியும்லா. பன்னெண்டு நாளு பாத்தேனே," என்றாள். "அப்ப சரி."

சமையலறைக்குள் போய்விட்டாள். ஹெப்சிபா பையிலிருந்து கருவியை எடுத்து, புதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, பொத்தானை அழுத்தினாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மேசை மேல் பச்சை விளக்கோடு காத்திருந்தது. உள்ளே தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. கரண்டி வைக்கிற சத்தம். அவள் ஒரு தடவை தொண்டையைச் செருமினாள். பிறகு இன்னொரு தடவை. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆவுடையப்பன்," என்று கூப்பிட்டாள். "சோறு ஆறுது. கையக் கழுவிட்டு வாங்க."